வண்டி வராத பாதை

டிராக்டரை முதலில் பார்த்தவர் பால்தீரிதான். வளைவுக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ அசைந்தது. யாரோ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நடந்து வருகிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். சட்டை புகை விட்டது.

பின்னால் இருபதடி தூரத்தில் ஹெர்மினியா மேடம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பார்சலோனாவிலிருந்து வந்திருக்கும் அதிகாரி. வல்செகாவிலிருந்து ரோகாநெக்ரா வரை, ஃப்ளுவியா ஆற்றை ஒட்டிப் போகும் பன்னிரண்டு கிலோமீட்டர் சரளைப் பாதையை அவர் சைக்கிளிலேயே கடந்து பார்ப்பார். வழியில் தென்படும் மோட்டார் வண்டிகளை எண்ணுவார். மூன்று வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் ‘மோட்டார் வண்டி இல்லாத பாதை’ என்ற பச்சைப் பலகை கிடையாது. பலகை இல்லாவிட்டால் பாதைக்குத் தார் போட்டு லாரி விடுவதென்று ஊர்ச் சபையில் ஏற்கெனவே பேச்சு.

பால்தீரி தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர். பத்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள் மிரேயா நெடுஞ்சாலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு லாரி இடித்து, கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. அவள் மறுபடி நடக்க ஆரம்பித்த வாரமே அவர் மண்வெட்டியை எடுத்தார். கைவிடப்பட்ட பழைய ரயில் தடத்தில் முள்ளை வெட்டி, எரிமலைக் கறுப்புச் சரளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினார். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. அந்தப் பாதையில் மாதத்துக்கு ஒரு மோட்டார் வண்டி வந்தாலே அதிகம். அந்த ஒன்று இன்றைக்கா வரவேண்டும்?

பால்தீரி தன் சைக்கிளை வேகமாக மிதித்து முன்னால் போனார். டிராக்டரில் அவரை நன்றாகத் தெரிந்த கிளிமென்ட்.

“டேய், திருப்புடா,” என்றார் பால்தீரி, குரலைத் தாழ்த்தி.

“நானா வரலை பால்தீரி, என்னைக் கொண்டுவந்து...”

“கதையெல்லாம் சாயங்காலம். அந்த அவரைக்காய் வயல்ல எறக்கு. சீக்கிரம்.”

“அது ஈரமா இருக்கே.”

“எறக்குன்னு சொல்றேன்ல.”

கிளிமென்ட் இறக்கினார். முன்சக்கரம் போனது, பின்சக்கரம் போனது, பிறகு எல்லாமே போனது. டிராக்டர் சேற்றில் அச்சுவரை இறங்கி உட்கார்ந்துவிட, பின்னால் மாட்டியிருந்த எரு வண்டி பாதைக்குக் குறுக்கே கதவு போட்ட மாதிரி நின்றது.

ஹெர்மினியா மேடம் வந்து சேர்ந்தார். எருவை ஒரு முறை பார்த்தார். சைக்கிள் கைப்பிடியில் பொருத்தியிருந்த எண்ணும் கருவியை அழுத்தினார். டிக்.

“ஒண்ணுதானே மேடம்,” என்றார் பால்தீரி. “ஆத்தோரமா ஒரு சின்ன மண் பாதை போகுது. இன்னும் அழகா இருக்கும். வாங்க.”

ஆற்றோரம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. இறுகிப்போன கறுப்புப் பாறைத் தூண்களை உரசிக்கொண்டு தண்ணீர் ஓடியது. மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். அரைக் கிலோமீட்டர் போயிருப்பார்கள். எதிரே ரொட்டி வண்டி வந்தது. எரு வண்டி வழியை அடைத்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, ரொட்டிக்காரி காசில்தாவும் வண்டியை ஆற்றோரப் பாதையில் இறக்கிவிட்டிருந்தாள்.

பால்தீரி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். “அக்கா, இஞ்சினை நிறுத்து. பின்கதவைத் திற.”

“எதுக்குப்பா? எனக்கு மட்டும் இந்த வழியா வர ஆசையா என்ன, அங்க...”

“இது வண்டி இல்லை, கடை. நீ தெனமும் இங்கதான் நிக்கிறே. புரிஞ்சுதா?”

மேடம் வந்து நிற்பதற்குள் காசில்தா கதவைத் திறந்து, முகத்தில் ஒரு வியாபாரச் சிரிப்பையும் வரவழைத்திருந்தாள்.

“சைக்கிள்ல வர்றவங்களுக்காக வச்சிருக்கோம் மேடம்,” என்றார் பால்தீரி.

மேடம் சர்க்கரை தூவிய நீள ரொட்டி ஒன்று வாங்கிக் கடித்தார். “நல்லா இருக்கு. தெனமும் இங்கதான் நிக்குமா?”

“ஆமாங்க,” என்றாள் காசில்தா. “மழை, வெயில் பாக்கறதில்லை.”

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் கோபமாக. ஒற்றை வண்டி போகும் அகலம். அதில் கடை நின்றுவிட்டதால் பின்னால் வந்த கார்கள் ஒன்றோடொன்று முட்டாத குறையாக நின்றுகொண்டிருந்தன. மேடம் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, எட்டிப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். டிக், டிக், டிக். கொஞ்சம் யோசித்து, கடைக்கும் ஒரு டிக்.

“அஞ்சு,” என்றார்.

வேறு யாராயிருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். பால்தீரி தலைக்கவசத்தின் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

“மேடம், நீங்க பாக்கறது இந்தப் பாதையோட கொணம் இல்லை. ஏதோ பிசகு. இந்த அணைஞ்சுபோன எரிமலை மேல ஏறி அந்தப் பக்கமா எறங்கினா மறுபடி நம்ம பாதை வந்துரும். அங்க ஒரு வண்டியும் ஏற முடியாது.”

“சைக்கிள் ஏறுமா?”

“தோள்ல ஏறும்.”

ஏறினார்கள். சரளை காலடியில் சரிந்தது. இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வந்தது. பால்தீரி தன் சைக்கிளை ஒரு தோளிலும் மேடத்தினுடையதை மறு தோளிலும் போட்டுக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறினார். மேடம் இரண்டு முறை “போதும், விடுங்க” என்றார். அவர் காதில் வாங்கவில்லை.

உச்சியில், எரிமலை வாயின் விளிம்பில் நின்று சைக்கிள்களை இறக்கினார். வண்டிச் சத்தமே இல்லாத இடம்தான். ஆனால் மலை உச்சி என்றால் கீழே எல்லாம் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

கீழே, எட்டு வருஷம் அவர் கையால் கொட்டிய கறுப்புப் பாதை ஆற்றோடு வளைந்து வளைந்து போனது. அதன்மேல் வெயிலில் கண்ணாடி மின்ன, எறும்பு வரிசை போலக் கார்கள். நடுவே இரண்டு லாரி. ஒரு பால் வண்டி. திருப்பத்தில் சிக்கிக்கொண்ட ஒரு பெரிய பேருந்து.

மேடம் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். “நாப்பத்தி மூணு.”

பால்தீரி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, மிரேயாவைப் பற்றிச் சொன்னார். லாரியைப் பற்றி, இரண்டு இடத்தில் ஒடிந்த காலைப் பற்றி, முதல் தள்ளுவண்டிச் சரளையைப் பற்றி. மேடம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து கேட்டார்.

“சரி, எந்திரிங்க,” என்றார் பால்தீரி கடைசியில்.

“எங்க?”

“இன்னும் அஞ்சு கிலோமீட்டர் பாக்கி இருக்கு. பன்னெண்டுன்னு சொல்லித்தானே உங்களைக் கூப்பிட்டேன்.”

இறங்கினார்கள். நின்றிருந்த வண்டிகளுக்கும் முள்வேலிக்கும் இடையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்கள். பால்தீரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேருந்து ஓட்டுநர் மட்டும் தலையை வெளியே நீட்டினார்.

“இதுக்குப் பேரு பாதையா?”

“அப்ப ஏன்யா வந்தே?”

“நான் என்ன ஆசைப்பட்டா வந்தேன்?”

பால்தீரி நிற்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். வரிசை முடிந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து மிதித்தார். மேடமும் விடாமல் பின்னால் வந்தார். ரோகாநெக்ரா சதுக்கத்தை எட்டும்போது இருவருக்கும் முழங்கால்வரை சேறு. பால்தீரியின் இரண்டு தோளிலும் சங்கிலி மசி.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று மேடம் படிவத்தை எடுத்தார்.

“சட்டப்படி பலகை இல்லைன்னுதான் எழுதணும் பால்தீரி.”

“எழுதுங்க. அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடுவேன். அதுக்கடுத்த வருஷமும்.”

“போடுவீங்கன்னு தெரியுது.” அவர் பேனா நடுவில் நின்றது. “இங்க ஒரு கட்டம் இருக்கு. வழக்கத்துக்கு மாறா வண்டி வந்திருந்தா, காரணம் கேக்குது. அது சரியான காரணமா இருந்தா இன்னொரு நாள் வந்து எண்ணலாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

அப்போது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஊர்ப் போக்குவரத்துக் காவலர் பொன்ஸ் ஓடி வந்தார். கழுத்தில் விசில் ஆடியது. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. முகம் மட்டும் பரிசு வாங்கப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது. மேடத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பால்தீரியின் பக்கம் சாய்ந்து பெருமையோடு சொன்னார்:

“ஒரு வண்டிகூட மேடம் கண்ணுல படக்கூடாதுன்னு நேத்து சபையில கெஞ்சினீங்களே அண்ணே, காலையிலேர்ந்து நெடுஞ்சாலையைத் தொடைச்சு வச்ச மாதிரி வச்சிருக்கேன், அத்தனை வண்டியையும் அந்தச் சரளைப் பாதையில திருப்பி விட்டாச்சு, நீங்க ஏன் இன்னும் மேடத்தை நெடுஞ்சாலைப் பக்கம் கூட்டிட்டு வரலை?”