கிஃப்ட் பேப்பரைப் பிரிக்காத மச்சானுக்கு

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

மகாகனம் பொருந்திய மச்சான், வாசுதேவநல்லூர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ராஜதுரை அவர்களுக்கு, தங்கள் தங்கை ஷீலாவின் கணவனும் பாத்திரக்கடைக்காரனுமாகிய சாம்ராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே ஷீலா சுகம், மகள் அபிஷா சுகம், கடையில் இருக்கிற அண்டா குண்டா எல்லாம் சுகம். எனக்குத்தான் நேற்றிலிருந்து பிரஷர் இறங்கவில்லை. காரணம் தாங்கள். தங்கள் சுகத்தைக் கேட்பது மரியாதை என்பதால் கேட்டுவிட்டேன். பதில் வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எங்கள் சபைப் பத்திரிகையில், முதல் நாவலைச் சொந்தமாக வெளியிட்டதில் நான் கற்ற பாடங்கள் என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் சபையில் சொல்ல முடியாத வார்த்தையாகத்தான் வருகிறது. அதனால் பாடங்களை உமக்கே எழுதுகிறேன். இனிமேல் தாங்கள், தங்கள் என்று எழுத என் கைக்குப் பொறுமையில்லை.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனிடம் நாவலைக் கொடுக்கக் கூடாது, இது முதல் பாடம். பிரஸ் வைத்திருக்கிற சாம்சன் இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் தவிர வேறு எதையும் அடித்தவனில்லை. 'ஈயம் பூசாத அண்டா' என்ற என் நாவலை அவன் மேஜையில் வைத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, தாய்மாமன் பேர எங்கன போடணும்? விட்டுப்போச்சுன்னா பொறவு மண்டபத்துல சண்ட வரும்லா?" ஏலே, இது நாவல் என்றேன். "என்னவா இருந்தா என்ன, சொந்தக்காரங்க இருக்காங்கள்லா?" என்றான். நான் எல்லாப் பக்கத்துக்கும் ப்ரூஃப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தை மட்டும் அவன் பொறுப்பில் விட்டேன். அங்கே கதாநாயகன் குளத்தில் மூழ்கிச் சாகிறான். அதற்குக் கீழே இரண்டு மயில் படம் போட்டு, 'தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும்' என்று நம் இரண்டு குடும்பத்தார் பெயரையும் வரிசையாக அடித்து வைத்துவிட்டான். உம்முடைய பெயர்தான் முதலில். புத்தகம் வந்து நாலு மாதமாகிறது. இந்த அசிங்கத்தை இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வெளியீட்டு விழாவுக்கு நீர் வந்தீர், பார்த்தீர். தலைமை தாங்க வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினாரே, நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா? என் கடையில் வாங்கிய இட்லிக் கொப்பரை பதினெட்டு வருஷமாக ஒழுகவில்லை என்று பேசினார், கூட்டம் கைதட்டியது, அந்த இட்லிக் கொப்பரையை எழுதியவனைப் போல நான் எழுந்து கும்பிட்டேன். சரி, போகட்டும். பாத்திரக்கடைக்காரன் புத்தி, எதைக் கொடுத்தாலும் கிஃப்ட் பேப்பர் சுற்றிக் கொடுத்தே பழகிவிட்டது. அத்தனை பிரதியையும் நானே ஜிகினாப் பேப்பரில் மூலை மடித்து, டேப் ஒட்டி, மேலே ஒரு பூவும் வைத்தேன். உமக்குத்தான் முதல் பிரதி. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் மைக்கில் என்ன கேட்டீர்? "மாப்ள, இத எங்கன மாட்டணும்?" மண்டபமே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். இப்படி ஒரு பேச்சு உம் வாயிலிருந்து ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு கடையில் நாவல் விற்ற வேகத்தைப் பார்த்து நான் தலைகால் புரியாமல் ஆடியது உண்மை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பாதி போனது, ஆவணி முகூர்த்தத்தில் மீதியும் போனது. ராயகிரியிலிருந்தெல்லாம் ஆள் வந்து, "நாவல் இருக்கா?" என்று கேட்டு ஐந்தும் பத்துமாக வாங்கினார்கள். அரிசிக்கடை வேல்சாமி கடை வாசலில் நின்றே பாராட்டினான். "ஒம்ம நாவல் சூப்பர் அண்ணாச்சி. பாக்கப் பெருசா இருக்கு, தூக்குனா கனமே இல்ல." எழுத்து நடையைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, உள்ளே கூப்பிட்டு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். முட்டாப் பய நான்.

போன வெள்ளிக்கிழமை கடைக்குப் புதிதாகக் கட்டிய மாடிக்குத் திறப்புவிழா வைத்தோமே, நீர் கால்வலி என்று வராமல் இருந்துவிட்டீர். அன்றைக்கு வந்த பார்சல்களை நேற்றுத்தான் பிரித்தோம். வேல்சாமி கொடுத்த பார்சலைக் கையில் எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலை மடிப்பு என் மடிப்பு, பூ என் பூ. ஆனால் பெயர் ஸ்டிக்கர் மட்டும் தடித்துப்போய் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். வேல்சாமி பெயருக்குக் கீழே கடையநல்லூர் ஜவுளிக்கடை ரிபாயி பெயர். அதற்கும் கீழே, உம்முடைய முத்து முத்தான கையெழுத்தில், 'ராஜதுரை குடும்பத்தினர், வாசுதேவநல்லூர்.' பேப்பரைக் கிழித்தால் உள்ளே முதல் பக்கத்தில், நான் மூன்று தடவை எழுதிப் பார்த்து நாலாவது தடவை எழுதிய வரி இருக்கிறது: 'என் முதல் வாசகர் ராஜதுரை மச்சானுக்கு.' அந்த மசி வெளிச்சமே பார்க்கவில்லை, வே!

நேராக வேல்சாமியிடம் போனேன். "படிச்சியாடே?" என்றேன்.

"படிக்கவா? கிஃப்ட்ட யாராது பிரிப்பாவளா அண்ணாச்சி? பிரிச்சுட்டா பொறவு அடுத்த வீட்டுக்கு எப்படிக் குடுக்க?" என்கிறான்! என்னமோ நான்தான் ஊர் உலகம் தெரியாதவன் போல. என் நாவல் நாலு மாதமாகக் கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு என்று இந்தத் தாலுகா முழுக்கச் சுற்றியிருக்கிறது. போகாத வீடில்லை, படித்த ஆளில்லை.

ஊரான் படிக்காததற்கு எனக்குக் கோபமில்லை, மச்சான். நீர் படிக்காததற்குத்தான் கோபம். நம்ம இரண்டு குடும்பத்திலும் புத்தகம் படிக்கிற ஒரே ஆள் நீர்தான். ஷீலாவைக் கட்டுவதற்கு முன்பே நீரும் நானும் கூட்டாளிகள். ஒரே சைக்கிளில் நூலகம் போய் வந்த காலத்தில், செயின் அறுந்த ஒரு நாள், ரோட்டோரம் உட்கார்ந்து என்ன சத்தியம் செய்தோம்? நம்மில் யார் புத்தகம் போட்டாலும் அடுத்தவன்தான் முதலில் படிக்க வேண்டும் என்று செய்தோமா இல்லையா? நான் போட்டேன். நீர் என்ன செய்தீர்? மேலே ஸ்டிக்கர் ஒட்டி ரிபாயி வீட்டுக்கு அனுப்பினீர்.

எட்டு வருஷமாகவே நீர் பழைய ஆள் இல்லை. எங்கள் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன குறை வைத்தேன்? நீர் தந்த பார்சலைப் பற்றி, "பாத்தியா மாப்ள, எப்படி இருந்துச்சு?" என்று போனில் கேட்டபோது, "ரொம்ப அழகா இருக்கு மச்சான், ஹால்லயே ஆணி அடிச்சு மாட்டிட்டோம்" என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்! படாரென்று போனை வைத்தீர். நான் மரியாதை தெரிந்தவன். நீர் தெரியாதவர். இதுதான் நான் கற்ற கடைசிப் பாடம், இதோடு உமக்கும் எனக்கும் உள்ள எழுத்து சம்பந்தம் அறுந்தது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உமது கால்வலியைச் சுகமாக்கி, நடந்து வந்து மன்னிப்புக் கேட்கும் பெலனைத் தருவாராக.

இப்படிக்கு,
இனி எழுதப்போவதில்லை என்று முடிவெடுத்த,
சாம்ராஜ்.

பின்குறிப்பு: இதை உறையில் போடுகிற நேரம், நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க ஷீலா பரணிலிருந்து ஒரு பார்சலை எடுத்து வந்தாள். "பிரதிஷ்டைக்கு எங்க அண்ணன் தந்தது. மாட்டினது வேற யாரோ தந்த கடிகாரத்தை. இதுமேல நம்ம ஸ்டிக்கர ஒட்டுங்க" என்றாள். ஸ்டிக்கரைக் கையில் எடுத்தவன், என்ன தோன்றியதோ, பேப்பரைக் கிழித்தேன். நாவல். எழுதியவர் ராஜதுரை. முதல் பக்கத்தில், 'சத்தியப்படி, முதலில் படிக்க வேண்டிய சாமுக்கு. நீ படித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.'

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஒருத்தன் எழுதினதை அடுத்தவன் படிக்காமல் போகிற வேலை இனி நமக்குள் வேண்டாம் என்று அப்படியே அனுப்புகிறேன். கடையை அடைத்துவிட்டு நாற்பது பக்கம் படித்துவிட்டேன். நல்லா எழுதியிருக்கீர், படுபாவி. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் சைக்கிள் செயின் அறுந்ததற்கு நான் மிதித்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீரே, அது பச்சைப் பொய். மிதித்தது நீர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் நாவலையும் எடுத்துக்கொண்டு நேரில் வாரேன், பிரிச்சே கொண்டு வாரேன். மாப்பிள்ளை வருகிறான் என்று கறிக்குழம்பு வைக்கச் சொல்லும்.