ஆன்டெனா பிடித்த ராசாத்தி

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சுப்பிரமணி வீட்டு டிவியில் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வெறும் புள்ளிதான் வந்துகொண்டிருந்தது. நாகலூர் எஸ்டேட்டில் இருந்த ஒரே டிவி அது. மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ரைட்டர் தன் அரைஞாணில் கட்டியிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனசு வைக்க வேண்டும் அல்லவா? கால் கழுவியவர்களுக்குத்தான் உள்ளே இடம். டிவி ஓடும்போது லைட் எரியக் கூடாது, கண் கெட்டுவிடும் என்பது இன்னொரு சட்டம்.

அன்று எல்லோரும் முணுமுணுக்காமல் கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஆறரை மணி விவசாய நிகழ்ச்சியில் மாதையன் வரப்போகிறார்.

மாதையன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காப்பிச் செடிகளுக்கு நடுவே மிளகுக்கொடி ஏற்றி நல்ல மகசூல் எடுத்தவர் என்று, டிவிக்காரர்கள் ஜீப்பில் வந்து அவரைப் படம் பிடித்துப் போனார்கள். அடுத்த மாதமே காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எல்லாம் முடிந்தது. நிகழ்ச்சி எந்தத் தேதியில் வரும் என்று போன வாரம்தான் அவர் பெயருக்கே கடிதம் வந்தது. வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஏற்காட்டு ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று மனைவி முத்தாயி கூப்பிட்டபோதெல்லாம், என் மூஞ்சி எங்கே ஓடிப்போகுது என்று சிரித்தே தட்டிக்கழித்த மனிதர்.

அவர் மகள் ராசாத்திக்குப் பத்து வயது. ஒரு வாரமாக அவளுக்கு ஒரு பயம். அப்பாவுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அது எந்தப் பக்கம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. பெற்ற அப்பனின் முகமே மறக்கிறதா என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம். அம்மாவிடம் கேட்டால் அழுவாள். டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

புள்ளியைப் போக்க ரைட்டரே கூரையேறி ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினார். துருப்பிடித்த போல்ட் கையோடு வந்துவிட்டது. ஆன்டெனா கிளியூர்ப் பக்கம் சாய்ந்தது. இப்போது சத்தம் மட்டும் வந்தது, படம் இல்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். படம் வந்தது, சத்தம் போயிற்று. ஒரு காற்று அடித்ததும் இரண்டும் சேர்ந்து போயின.

"கயித்த நம்பறதுக்குப் பதிலா நானே புடிச்சிட்டு நிக்கறனுங்க" என்று லாரி டிரைவர் செல்லப்பன் ஏறினான். ஆள் கொஞ்சம் கனம். அவன் கம்பத்தைப் பிடித்ததும் படம் பளிச்சென்று வந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் ஓடு உடைந்து, அவனுடைய ஒற்றைக் கால் சமையல்கட்டுக்குள் முழங்கால்வரை தொங்கியது. கீழே நின்ற ரைட்டர் மனைவி கலாவதி பதறவில்லை. ரசச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, "கால் கழுவிட்டுத்தானுங்களே ஏறுனீங்க?" என்று அந்தக் காலைப் பார்த்துக் கேட்டாள்.

யாராவது பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம் வரும் என்பது தெரிந்துபோயிற்று. ஓடு தாங்குகிற எடையும் வேண்டும். எல்லோர் பார்வையும் ராசாத்தியிடம் வந்து நின்றது.

முத்தாயி வேண்டவே வேண்டாம் என்றாள். கம்பத்தைப் பிடிப்பவள் படத்தைப் பார்க்க முடியாது. அது ராசாத்திக்கும் தெரியும். ஆனால் பிடிக்காவிட்டால் அம்மாவும் பார்க்க முடியாதே.

"நீ பாரும்மா. பாத்து எனக்குச் சொல்லு" என்று ஏறிவிட்டாள்.

மேலே பனிப்புகையாக மஞ்சு இறங்கி, சாரல் தூறியது. இரும்புக் கம்பம் கையில் ஜில்லிட்டது.

"ஆறு இருபத்தெட்டு. படம் நல்லா இருக்குது. அசையாத சாமி" என்று கீழேயிருந்து ரைட்டர் குரல் கொடுத்தார்.

அவள் மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றாள். சற்று நேரத்தில் உள்ளே அத்தனை பேரும் சேர்ந்து "ஐயோ" என்றார்கள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு கண்ணு" என்றாள் முத்தாயி.

"சத்தமே கேக்கலையே?"

"படம் மட்டுந்தான் வருது. நீ அசையாத."

"என்ன பண்றாரு?"

"மிளகுக்கொடியப் புடிச்சிட்டு நிக்கறாரு. அந்த நீலச் சட்டை போட்டிருக்காரு."

"சிரிக்கறாரா?"

"சிரிக்கறாரு கண்ணு."

உள்ளே யாரோ விசும்பினார்கள். ராசாத்தி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தழும்பு எந்தப் புருவத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

"எடப் புருவத்துல. நல்லாத் தெரியுது" என்றாள் முத்தாயி.

அவ்வளவுதான். மறந்திருந்த முகம் முழுசாக அவளிடம் திரும்பி வந்துவிட்டது. கை மரத்துப்போனதுகூடத் தெரியாமல், அழுதுகொண்டே அரை மணி நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான பிள்ளை சேர்வராயன் மலையில் இருந்திருக்க மாட்டாள்.

முடிந்துவிட்டது, இறங்கு என்று சொல்லி எல்லோரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் கண்ணும் காயவில்லை. கலாவதி துண்டால் அவள் தலையைத் துவட்டிச் சுடச்சுடக் காப்பி கொடுத்தாள். உன்னையே பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது என்றான் செல்லப்பன். யாரையும் ஒரு வார்த்தை பாராட்டியறியாத ரைட்டர்கூட முன்னால் வந்து, "உங்கப்பா நொம்ப அழகாப் பேசுனாரு கண்ணு" என்றார். கலாவதி முறைத்தாள். "வாயசைச்சதச் சொன்னேன்" என்று அவர் பின்வாங்கினார்.

முத்தாயி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்போது லைன்மேன் சூசைமாணிக்கம் டார்ச் அடித்துக்கொண்டு, சைக்கிளை வாசலில் நிறுத்தினார். நனைந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க ரைட்டரய்யா, வாழவந்திகிட்ட கம்பி மேல மரம் சாஞ்சு ஆறரைக்குப் போன கரண்ட்டு, இனி நாளைக்குத்தானுங்க வரும்."