ஆளில்லாச் சான்றிதழ்

மொரித்தானியாவின் அதார் நகரத்தில் வட்டாரச் சாகசப் பயண அலுவலகம் இருக்கிறது. பாலைவனம் பாலைவனமாகத்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அதன் தலையாய பணி. சான்றிதழ் பெறாத மணலில் வெளிநாட்டார் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. ஓட்டினால் அது சாகசம் ஆகாது, வெறும் போக்குவரத்து.

நான் ஹமாதி. இருபது வருஷமாக அங்கே பதிவு பெற்ற வழிகாட்டி. போன குளிர்காலத்தில் பிரான்ஸிலிருந்து நான்கு பேர் வந்து இறங்கினார்கள். தலைவர் ஃபாப்ரிஸ், பல் மருத்துவர். இரண்டு வருஷம் உட்கார்ந்து திட்டம் போட்டார்களாம். கல்யாணத்துக்குக்கூட அத்தனை பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள். ஆளுக்குப் பதினேழு பை வைத்த கோட்டு. மணலிலிருந்து காக்க ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடியை மணலிலிருந்து காக்க ஓர் உறை.

நிகழ்ச்சி நிரலை என்னிடம் மரியாதையோடு நீட்டினார் ஃபாப்ரிஸ். "இரண்டாம் நாள், பகல் பதினொன்றரை: வழி தவறுதல். பதினொன்று ஐம்பது: கலக்கம். பன்னிரண்டே கால்: வழி கண்டுபிடித்தல். பிறகு மதிய உணவு."

அவர்கள் போகவிருந்த அதே பாதையில் என் மாமா ஒரு பழைய சீன மோட்டார் சைக்கிளில், பின்னால் ஓர் ஆட்டையும் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு மாதம் இரண்டு தடவை போய் வருகிறார். அது சாகசம் என்று அவருக்கு இதுவரை யாரும் தெரிவிக்கவில்லை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் இசெல்முவிடம் போனேன்.

"பாதையில ஆளு இருக்கா?" என்றார்.

"இருக்கு ஐயா. லெம்தன் கிணத்துக்கிட்ட எங்க அக்கா தெக்பெர் குடும்பம். கூடாரம் ஏழு, ஆளு நாப்பத்தொண்ணு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆளு இருந்தா அது ஊருய்யா. ஆளு இல்லாட்டிதான் சாகசம். பிரான்ஸ்லேர்ந்து உங்க அக்காவைப் பாக்கவா வந்திருக்காங்க?"

"அதுக்காக அக்கா இல்லேன்னு எழுத முடியுமா?"

"அக்கா இருக்கட்டும், நான் வேணாம்னா சொன்னேன்? ஆளுதான் இருக்கக் கூடாது."

எனக்கு வேறொரு கவலை. லெம்தன் கிணறு எண்பது முழ ஆழம். கயிற்றை இழுக்கும் கழுதை படுத்துவிட்டால் அக்காவும் அவள் மகள்களும்தான் இழுக்க வேண்டும். அவள் உள்ளங்கையைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. சூரிய ஒளியில் ஓடும் பம்பு கேட்டு ஆறு வருஷமாக மனு. அந்த ஃபைல் எல்லா மேசையும் சுற்றிவிட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காக இதே இசெல்முவின் மேசையில் கிடந்தது.

"அப்ப எங்க பம்பு ஃபைலு?"

"இவங்க நல்லபடியா போய்ட்டு வரட்டும். மறுநாளே கையெழுத்து. எங்கிட்ட பேச்சு மாறாது."

நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆளில்லாச் சான்றிதழின் அடியில், "நேரில் கண்ட சாட்சி" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் தயாரானது. "லெம்தன் கிணற்றில் வசிக்காத நாற்பத்தொரு பேரும், சாகசக் குழு கடந்து செல்லும் வரை, கிழக்கு மணல்மேட்டுக்குப் பின்னால் வசிக்காமல் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆடுகள் அவ்விடத்திலேயே இருக்கலாம். அவை வனவிலங்குகளாகக் கருதப்படும்."

அதை அக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவள் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஒளிஞ்சிக்கணுமா? யாருக்குடா பயந்து?"

"பயம் இல்லக்கா. சாகசத்துக்காக."

"எங்க கிணத்துக்கு வர்றவன் சாகசக்காரன். இங்கயே கெடக்குற நான் யாரு?"

"நீ... இல்லக்கா. பேப்பர்ல நீ இல்ல."

"நல்லாருக்குடா தம்பி. பொறந்ததுலேர்ந்து இங்க இருக்கேன், நீ ஒரு கையெழுத்துல காலி பண்ணிட்டே." பிறகு குரல் தணிந்தது. "பம்பு நிச்சயமா வருமா?"

"மறுநாளே."

"அப்ப ஒளியறேன்."

குறித்த நாளில் புறப்பட்டோம். இரண்டாம் நாள் பதினொன்றரைக்கு வழி தவறினோம். கலக்கம் ஐந்து நிமிஷம் முன்கூட்டியே முடிந்துவிட்டதால், நிரலை மீறக் கூடாதென்று காத்திருந்தோம். மாலையில் லெம்தன் வந்தது. கூடாரங்களைச் சுருட்டி மறைத்திருந்தார்கள். கிணற்றருகே முப்பது வனவிலங்குகள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கத்தின.

ஃபாப்ரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினார். நண்பர்கள் கேமராவைத் தூக்கினார்கள். மனித வாடையே படாத மண், பூமியின் விளிம்பு என்றெல்லாம் கண் கலங்கப் பேசினார். முத்தாய்ப்பாக இரண்டு கைகளையும் விரித்து, தொண்டை கிழிய ஒரு குரல் கொடுத்தார்.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா?"

அவர் அதைப் பிரெஞ்சில்தான் கேட்டார். ஆனால் பாலைவனத்தில் ஒருவன் குரல் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எந்த மொழியானாலும் சரி. கேட்டும் பதில் சொல்லாமல் இருப்பவனுக்கு எங்கள் ஜனத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். இசெல்முவின் சுற்றறிக்கையில் இதற்கு விதி எதுவும் இல்லை.

மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து நாற்பத்தொரு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"இருக்கோம்! இருக்கோம்! பயப்படாதீங்க, வந்துட்டோம்!"

ஃபாப்ரிஸ் அதிர்ந்து, மோட்டார் சைக்கிளோடு சாய்ந்தார். ஒரு குட்டி ஒட்டகத்தின் எடை அது. மேட்டிலிருந்து ஓடிவந்த எட்டு பேர் அதைத் தூக்கினார்கள். அக்கா அவர் காலை நீவிவிட்டாள்.

"தாயி, தகப்பன் சௌக்கியமா? ஒட்டகம் சௌக்கியமா? ஊர்ல மழை உண்டா?" என்றாள். மறு கையில் தேநீர்க் கெண்டி.

மூன்று சுற்றுத் தேநீர் முடியாமல் யாரையும் விடுவதில்லை என்பதால் இரவு அங்கேயே தங்கினோம். பல் மருத்துவர் அழுதார். அக்காவின் வெடித்த உள்ளங்கையை நெருக்கத்தில் படம் பிடித்து, "எவ்வளவு உண்மையான கை!" என்றார். அந்தப் படத்தை இணையத்தில் ஒரே மாதத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இசெல்மு என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"வெறும் மணலுக்கு இனிமே மவுசு இல்ல ஹமாதி. எல்லாரும் நாடோடி வேணுங்கறாங்க. நாப்பத்தொண்ணு போதுமா, இன்னும் ஒரு பத்து பேரு கெடைப்பாங்களா?"

"ஆளு இருக்குன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. அந்த பம்பு கையெழுத்து..."

"பம்பா?" அவர் முகம் சுருங்கியது. "பம்பு வெச்சா யாரு கயிறு இழுப்பா? கயிறு இழுக்கலேன்னா கை வெடிக்காது. கை வெடிக்கலேன்னா அது எப்படிய்யா உண்மையான கை? நீயே சொல்லு."

நான் யோசிப்பதற்குள் மேசையின் மறுபக்கத்தில் ஒரு சுழல் நாற்காலியைக் காட்டினார். பழமைக் கண்காணிப்பாளர் என்று புதிதாக ஒரு பதவி. லெம்தனில் நவீன வசதி எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்வது அதன் தலையாய பணி. உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகச் சுழன்றது. முதல் கோப்பாக, பம்பு மனுவை நிராகரிக்கும் உத்தரவில் கையெழுத்திட்டேன்.

புதிய குழுவோடு லெம்தன் போனபோது அக்கா அந்த உத்தரவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆளு இல்லேன்னு எழுதினப்பவும் தண்ணி இல்ல. இருக்குன்னு எழுதினப்பவும் இல்ல. இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்க்கா."

அவள் திட்டவில்லை. கழுதையை அவிழ்த்துவிட்டு, கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தாள். "இழு."

இஸ்திரி போட்ட உடையோடு எண்பது முழமும் இழுத்தேன். பாதியிலேயே தோல் கிழிந்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. சுற்றி நின்ற விருந்தாளிகள் கைதட்டிப் படம் பிடித்தார்கள். அந்தப் படம்தான் இப்போது எங்கள் அலுவலகச் சுவரொட்டி.

அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நல்லவர்கள், இளகிய மனசுக்காரர்கள். போன வாரம் ஓர் அம்மாள் முன்பதிவு செய்யும்போது, என் கையில் போட்டிருந்த கட்டைப் பரிவோடு பார்த்துவிட்டு, கவலையாகக் கேட்டார்.

"நாங்க வர்றதுக்குள்ள அங்க பம்பு கிம்பு வந்துடாதே?"

"நான் இருக்கிற வரைக்கும் வராதும்மா" என்று வாக்குக் கொடுத்தேன்.