மரத்துக்குக் கிடைத்த வேலி

பூந்தமல்லியில் எங்கள் வீட்டு வாசலில் மழைநீர்க் கால்வாயை மூடும் சிமெண்ட் பலகை ஒன்று மட்டும் இல்லை. பள்ளம் நாலடி ஆழம். என் மகள் சைமாவுக்கு ஒன்றரை வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே திசை வாசல்தான்.

நகராட்சிக்கு நான்கு மனு கொடுத்தேன். கான்வென்ட் கையெழுத்தில், 'தாழ்மையுடன்' என்று தொடங்கி. ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டு வித்யாதான் வழி சொன்னாள். பள்ளத்துக்கு வரமாட்டார்களாம், வாசலில் மரம் வைக்கும் 'பசுமை வாசல்' திட்டம் என்றால் ஜீப்பிலேயே வருவார்களாம். இந்த வருஷம் எல்லாரும் வைப்பது வீப்பிங் சைப்ரஸ்.

திருமழிசை நர்சரியில் ஒன்று வாங்கினோம். குளிர்தேசத்து மரம், கிளைகளெல்லாம் துவண்டு தொங்கின. செத்துவிட்டதோ என்று கேட்டேன்.

"அது அப்டித்தான் தொங்கிகினு கீதும்மா. அழுவுற மாதிரி இருந்தா நல்லா கீதுன்னு அர்த்தம். நிமிந்துச்சுன்னாதான் சீக்கு" என்றார் நர்சரிக்காரர்.

பள்ளத்தை ஒட்டி அதை நட்டு விண்ணப்பித்த மூன்றாம் நாளே ஆய்வாளர் பூபாலன் வந்துவிட்டார். மரத்தின் உயரம், சுற்றளவு, பொதுவான மனநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். படமெடுக்கப் பின்வாங்கியபோது பள்ளத்தின் விளிம்பில் அவர் கால் சறுக்கியது. அவர் முகம் வெளுத்தது; எனக்கு உயிர் வந்தது.

"இது பெரிய ஆபத்தாச்சேம்மா."

"அதைத்தான் சார் நாலு மனுவுல எழுதினேன்."

"காத்தடிச்சா மரம் உள்ள விழுந்துடும்."

"குழந்தை விழுந்துடும் சார்."

"குழந்தை வேற செக்‌ஷன்மா."

பலகையாவது போடுங்கள் என்றேன். போட்டால் வேருக்குக் காற்று போகாது என்று கனிவோடு விளக்கினார்.

ஒரே வாரத்தில் மரத்தைச் சுற்றி இரும்பு வேலி வந்தது. பச்சை பெயிண்ட், பூட்டு, கூடவே ஓர் அறிவிப்புப் பலகை: 'அருகில் ஆபத்தான பள்ளம் உள்ளதால் இம்மரம் பாதுகாக்கப்படுகிறது.' பள்ளம் வேலிக்கு வெளியே, எங்கள் பக்கம். துப்பட்டாவின் ஒரு முனையை சைமாவின் இடுப்பிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு சமைக்கிறேன்.

வேலியைப் பார்க்கத் தெருவே வந்தது. "என்ன சைமாம்மா, உங்க வாசலுக்கு மட்டும்தானா?" என்றாள் வித்யா. அவளும் மரம் வைத்தாள், விண்ணப்பித்தாள். பள்ளமில்லாத வாசலுக்கு வேலி வழங்க விதியில்லை என்று பதில் வந்தது.

நேற்று ஆள் வைத்துத் தன் வாசல் சிமெண்ட் பலகையை எடுத்துவிட்டாள். கனம் தாங்காமல் ஆட்கள் தடுமாறியபோது மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தது என் கணவர் முஸ்தகீம்.

விண்ணப்பத்தில் பள்ளம் தெளிவாகத் தெரியவேண்டுமாம். சைமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொடுத்தது நான்.