கஸ்தூரி லாட்ஜ் பசுமையான விதம்

எல்லாக் கட்டடங்களும் தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டும், தணிக்கையில் தேறினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று மேன்மை தங்கிய பசுமைத் தணிக்கை அலுவலகம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. யாரும் குறை சொல்ல முடியாது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக கஸ்தூரி ஒரு சின்ன லாட்ஜ் நடத்தினாள். ஓட்டுக் கூரை, ஜன்னலை ஒட்டி வேப்பமரம், பின்னால் கிணறு. புருஷன் போன பிறகு குடும்பம் அதில்தான் ஓடியது. தணிக்கை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வேங்கிக்காலில் இருந்த தணிக்கை அலுவலகத்திலிருந்து அதிகாரி பிரகாஷ் வந்தார். ஏசி ஓடட்டும் என்று ஜீப்பை அணைக்காமலே இறங்கினார்.

"ஏசி எத்தனைம்மா?"

"இல்லீங்க சார். மரத்துக் காத்தே போதும்."

"ஷவர்?"

"பக்கெட்டுதாங்க."

அதிகாரியின் முகம் வாடியது. "இப்ப செலவாகறதுல கால்வாசி குறைச்சுக் காட்டணும்னு விதி. குறைக்கறதுக்கு நீங்க ஒண்ணுமே வெச்சிக்கலையே!"

"செலவு கம்மியா இருந்தா நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். நல்லதுக்கு மார்க் கிடையாது. குறைச்சாதான் மார்க். டவுன்ல ஒரு பெரிய ஓட்டல் நீச்சல் குளத்துல பாதியை மூடிட்டாங்க. முதல் தரம் குடுத்துட்டோம்."

"உரிமம் கிடைக்காம கார்த்திகை தீபத்துக்கு லாட்ஜை மூடிட்டா நாங்க எப்படி சார் பொழைக்கறது?"

பிரகாஷ் இரக்கமுள்ளவர். குரலைத் தாழ்த்தினார். "முதல்ல ஜாஸ்தி பண்ணுங்க. அப்புறம் கம்மி பண்ணுங்க."

கடன் வாங்கி அறைக்கு அறை ஏசியும் ஷவரும் மாட்டினாள். போர் போட்டாள். ஏசியின் வெளிப்பெட்டிக்கு இடைஞ்சல் என்று வேப்பமரத்தை வெட்டினார்கள். அன்று அவள் வாசல் பக்கமே வரவில்லை. மீட்டர் நன்றாக ஓடிய பிறகு சில ஏசிகளை அணைத்து, சில ஷவர்களைக் கழற்றினாள். பிரகாஷ் தன் கையாலேயே 'பசுமைக் கட்டடம்' என்ற பலகையை மாட்டிவிட்டுப் போனார்.

இதைப் பார்த்து பாதை நெடுக எல்லாருமே ஜாஸ்தி பண்ணிக் கம்மி பண்ணினார்கள். சித்திரையில் கிணறுகள் வறண்டன.

கஸ்தூரி அலுவலகத்துக்கு ஓடினாள். "கிணத்துல சொட்டுத் தண்ணி இல்ல சார். போரும் காத்துதான் வருது. லாரித் தண்ணி வாங்கறோம்."

பிரகாஷ் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "அப்ப நிலத்தடி நீர் எடுக்கறதே இல்லையா? நூத்துக்கு நூறு சேமிப்பும்மா!"

"லாரித் தண்ணி?"

"அது நம்ம விதியில வராது."

அந்தப் பகுதிக்கே நீர் சேமிப்பு விருது கிடைத்தது. மேடையில் கஸ்தூரி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

இப்போது பௌர்ணமிக்கு அவளிடம் அறை கிடைப்பதே கஷ்டம். போன தடவை சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

"இயற்கையோட ரெண்டு நாள் இருக்கணும்னுதாங்க வந்தோம்," என்றார் குடும்பத் தலைவர். "ஏசி நல்லா கூலிங் வரும் இல்ல?"