மழை பெய்யாத ஊரில் ஒரு காத்துப்புடுங்கி

தேவாரம் ஊர்ப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் அந்த ஆளைத் திட்டாத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. டயருக்கு வாய் இருந்தால் அதுவும் திட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டுவதற்குக் கடை வைத்துக்கொண்டு, நல்ல டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிவிடுகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் காத்துப்புடுங்கி. அச்சில் போட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு பெயர் தெரிந்தால்தானே போடுவதற்கு?

காட்டாற்றுத் தரைப்பாலத்துக்குப் பத்தடி முன்னால் அவருடைய கடை. எங்கள் காட்டாற்றில் வருஷத்தில் பதினோரு மாதம் மணல்தான் ஓடும். சித்திரையில் மேற்கே மலையில் கோடை மழை கொட்டினால் மட்டும் திடீரென்று தண்ணீர் வரும். வம்பு என்னவென்றால், அந்த மழை எங்கள் ஊரில் ஒரு சொட்டுக்கூட விழாது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

அதைத் தெரிந்துகொள்ள இவர் வானத்தைப் பார்க்க மாட்டார், செய்தியும் கேட்க மாட்டார். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் இறங்கி வரும்போது மறிப்பார். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு, ஒட்டியிருக்கும் சேற்றை வழித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். சேறு சிவப்பாக, ஈரம் காயாமல் இருந்துவிட்டால் போச்சு. பழைய லாரி டயர் இரண்டை உருட்டிப் பாலத்தின் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்.

"டிரைவரைக் கேட்டா மழையா இல்லையான்னு சொல்லிட்டுப் போறாரு. சேத்தைப் போயி ஏன்யா நோண்டுற?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"டிரைவரு வீட்டுக்குப் போற அவசரத்துல லேசாத் தூத்தல்தான்னு சொல்லுவான். டயருக்கு என்ன அவசரம்?"

டயரை நகர்த்திவிட்டுப் போகப் பார்க்கிறவர்களிடம் சண்டை போட மாட்டார். குனிவார். புஸ்ஸ் என்று சத்தம் வரும். அவ்வளவுதான். தண்ணீர் வந்து வடியும்வரை, காலில் விழுந்தாலும் திரும்பக் காற்று அடிக்க மாட்டார். பால்காரர், தபால்காரர், வாழைத்தார் வண்டி என்று எந்த வித்தியாசமும் கிடையாது. யார் இந்த ஆளுக்கு அதிகாரம் கொடுத்தது என்று கேட்காத வாய் எங்கள் ஊரில் இல்லை.

ஒருமுறை வெள்ள முன்னெச்சரிக்கையைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். அவர் ஜீப்பிலும் புஸ்ஸ்.

"யோவ்! எச்சரிக்கை வந்தா எங்களுக்குத்தான் மொதல்ல வரும், தெரியுமா?"

"வரட்டும் சார். தண்ணி அதுக்கு முன்னாடியே வந்துரும்."

அதிகாரி வேர்க்க வேர்க்க டீக்கடையில் உட்கார்ந்து முன்னெச்சரிக்கை செய்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அவர்மேல் தனிக் கோபம் உண்டு. பதினெட்டு வருஷக் கோபம்.

அன்று எனக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிறவனுக்கு, அதுவும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவனுக்கு, வரன் அமைவது லேசா? பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். நாலரைக்குள் நல்ல நேரம். வேன் பாலத்து முனைக்கு வந்ததும் புஸ்ஸ், புஸ்ஸ். முன் டயர் இரண்டும் உட்கார்ந்துவிட்டன.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். "ஏய்யா, சம்பந்தம் பேசப் போறோம்யா! பொண்ணு வீட்டுக்காரவுக காத்துக்கிட்டிருக்காக. வெயிலு இந்தப் போடு போடுது, வெள்ளம் வருதாம்ல வெள்ளம்!"

"பேசுங்க, யாரு வேணாம்னா? தண்ணி வடிஞ்சப்புறம் பேசுங்க."

மடியில் பூப்பந்தோடு வேனுக்குள் வெந்துகொண்டிருந்தேன். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஐந்தே காலுக்கு வந்தது ஐயா, வெள்ளம்! மாமாவின் செருப்பு நனைகிற அளவுக்கு வந்தது. கூடவே ஒரு தேங்காய் மட்டையும் மிதந்து வந்தது. அதற்குள் பெண் வீட்டிலிருந்து போன்: "நேரம் தப்பிப்போச்சு. சகுனம் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாப்போம்." அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. நாலு வருஷம் கழித்து வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, அது வேறு விஷயம். அந்த மனுஷன் ஒரு வார்த்தை, தப்பாப்போச்சு தம்பி என்று சொன்னாரா? கிடையாது. நானும் அவரோடு பேசுவதை விட்டேன். பஞ்சர் என்றால் மொபட்டை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் வேறு கடையில் ஒட்டினேன்.

இந்தச் சித்திரையில் அவர் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்விட்டார். கடை பூட்டியிருந்தது. நிம்மதி என்றது ஊர். ஒருநாள் பகல் மூன்று மணிக்கு அரிசி மூட்டையோடு நான் பாலத்து முனையில் நிற்கிறேன், ஐந்து மணிக்கு வரவேண்டிய ஏலத்தோட்டத்து ஜீப் அப்போதே வந்துவிட்டது. டயரைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஜீப்பில் ஏறுகிற படி வரைக்கும் சிவப்புச் சேறு. கையை வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது.

பாலத்தைத் தாண்டுவதற்கு ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே ஏழு பெண்கள். டிரைவர் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும், எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னாலும், இந்த வெயிலில் யார் கேட்பார்கள்? குனிந்தேன். மொபட் சாவியின் முனையால் வால்வை அழுத்தினேன். மூன்று சக்கரமும் புஸ்ஸ். பேச வராதவனுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏலே! ஒனக்கென்ன கிறுக்கா? அந்தக் காத்துப்புடுங்கி போனா இன்னொருத்தனா?" டிரைவர் என் சட்டையைப் பிடித்தார்.

"பாக்கச் சாது கணக்கா இருந்துக்கிட்டு செய்யிற வேலையப் பாரு ஆத்தா!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சட்டையை அவர் விடுவதற்கு முன்னால் மேற்கே லாரி வருவதுபோல் ஓர் இரைச்சல். செம்மண் நிறத்தில் தண்ணீர், முழு மரம் ஒன்றைப் புரட்டிக்கொண்டு பாலத்தின்மேல் இடுப்பளவுக்கு ஏறிப் போனது. ஏழு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நன்றியாவது, ஒன்றாவது! டிரைவர் என்னிடம் கேட்டது இதுதான்: "சரி, இப்ப எவன் காத்து அடிப்பான்?"

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, டீக்கடைக்காரரிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்து, ஆட்டோவுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்றேன்.

"யாரு? பலசரக்குக்கடைத் தம்பியா? கம்ப்ரசர் சாவி டீக்கடையிலதான் இருக்கு. வாங்கிக்க. வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"எம்புட்டு?"

"பாலத்துக்கு மேல இடுப்பளவு. யாருக்கும் ஒண்ணுமில்ல."

எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று சொன்னார். பிறகு, "அன்னைக்கும் இம்புட்டு வரும்னுதான் தம்பி நெனச்சேன்" என்றார்.

மாமாவின் செருப்பு நனைந்த நாளைச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை அவருக்குக் கண் கட்டைப் பிரிக்கிறார்கள். கூட்டிவர நான்தான் போகிறேன். வழியில் ஏதாவது ஜீப்பைப் பார்த்தால் நிறுத்தச் சொல்வார், தாமதமாகும். அதற்கும் சேர்த்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.