கதகதப்புக்காரர்

ஓட்டையைக் கண்டால் கை பரபரக்கும் ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்று துப்பறிந்து, அந்த இடத்தை அடைத்து, அடைத்த இடத்தை ஆசையாகத் தடவிப் பார்த்து, “இப்பக் கதகதப்பா இருக்குல்ல?” என்று கேட்கும் இனம். கேள்வி உங்களுக்கு அல்ல, மாட்டுக்கு. மாடு மறுத்துப் பேசாது என்பதுதான் இவர்களுடைய பலமே.

அயர்லாந்தின் மழையெல்லாம் வந்து குடியிருக்கும் எங்கள் ரோஸ்காமன் பக்கத்தில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அக்டோபர் கடைசியில் புல்வெளி சேறாகிவிடும். கறிக்கு வளர்க்கும் மாடுகள் கொட்டகைக்குள் ஏறினால் வசந்தம் வரும்வரை அங்கேதான். அதாவது, ஐந்தாறு மாதத்துக்கு அவை கதகதப்புக்காரரின் அன்புக்கு ஆளாக வேண்டும். தப்பிக்க வழி? அதைத்தான் முதலில் அடைப்பார்.

என் பக்கத்து வேலிக்காரர் மாலக்கி டான்சியைப் பாருங்கள். அவருடைய கொட்டகையைக் கட்டியவன் விவரம் தெரிந்தவன். பக்கச் சுவரில் பலகைக்குப் பலகை சந்து விட்டு, கூரை உச்சியில் நீளவாக்கில் திறப்பு வைத்துவிட்டுப் போனான். மாலக்கிக்கு அது, பலகையை மிச்சம் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டவனின் வேலையாகத் தெரிந்தது. முதல் குளிர்காலத்திலேயே விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்தபடி சுவர் ஓரமாக நடந்தார். எச்சில் குளிர்ந்த இடத்திலெல்லாம் உரச் சாக்கு, கறுப்புப் பிளாஸ்டிக், வரவேற்பறையில் கிடந்த பழைய கம்பளம், அதுவும் போதாமல் தேர்தல் முடிந்த கையோடு கம்பங்களிலிருந்து கழற்றிவந்த வேட்பாளர் அட்டைகள். நல்ல பிளாஸ்டிக் அட்டை, நனையாது, கிழியாது. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே சுவரில் பல்லைக் காட்டிக்கொண்டு மாடுகளைக் காவல் காத்தார்கள். அவர்கள் ஊருக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்பார் மாலக்கி.

ஞாயிறு பூசை முடிந்து யார் வந்தாலும் தேநீருக்கு முன் கொட்டகை தரிசனம் உண்டு. எல்லாரும் தீவனக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மாட்டைப் பார்த்தே பேச வேண்டும். மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும். கண்ணீர் விட்டுக்கொண்டே பாராட்ட வேண்டும்.

“ஏன்யா மாலக்கி, கண்ணு எரியுதே?” என்றார் ஒருமுறை ஃபின்டன். மேட்டுப் பண்ணைக்காரர், வாய் சும்மா இருக்காது.

“கதகதப்புன்னா அப்படித்தான்.”

“கூரையிலேருந்து தண்ணி சொட்டுது. வெளியில மழைகூட இல்லியே!”

“வேர்க்குதுய்யா. சொகமா இருந்தா வேர்க்காதா?”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மாலக்கியைக் கேட்டால் அதற்கும் ஓர் அட்டை தேடி எடுத்து வந்துவிடுவார்.

அவரிடம் ரூவா என்று ஒரு கிடாரி இருந்தது. நல்ல செவலை. பிறந்தன்றே தாய் செத்துவிட, சமையலறை அடுப்போரம் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்து அவரே வளர்த்தது. மற்ற மாடுகளை விற்பார். ரூவாவை விற்பதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அந்த ரூவா இருமத் தொடங்கியது.

கதகதப்புக்காரருக்கு இருமல் கேட்டால் என்ன தோன்றும்? எங்கோ ஓர் ஓட்டை பாக்கி இருக்கிறது என்று தோன்றும். தேடி அடைத்தார். இருமல் கூடியது. இன்னொன்றை அடைத்தார். பக்கத்து மாடுகளும் இருமின. தின்ற தீவனம் போன இடம் தெரியவில்லை. ஒன்றுக்கும் எடை ஏறவில்லை. கடைசியில் ஏணி போட்டு ஏறிக் கூரை உச்சியையும் மூடினார்.

“மாட்டுக்கு வயித்துக்குள்ளயே அடுப்பு எரியுது, மனுஷா. உன் முட்டிதான் குளிருது!” என்று கத்தினார் அவர் மனைவி அட்ராக்டா.

மாலக்கி கெட்டவரா? இல்லவே இல்லை. அன்பைத் தவிர வேறு குற்றம் அறியாதவர். எனக்குக் கோபமே அதனால்தான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு காலை ரூவா தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சுக்குத் தவித்தது. கால்நடை மருத்துவர் ஓர்லா வந்தார். ஊசி போட்டார். நிமோனியா, பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். பிறகு சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு புகை வில்லையை எடுத்துத் தரையில் வைத்துக் கொளுத்தினார்.

“புகை எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க,” என்றார்.

புகை ஏறியது. உச்சியில் ஒரு முன்னாள் வேட்பாளரின் சிரித்த முகத்தைப் பார்த்தது. திரும்பி இறங்கி மாடுகளின் முதுகில் உட்கார்ந்தது. அப்புறம் மாலக்கியிடம் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். மனிதர் இருமினார், குனிந்து இருமினார், ரூவா இருமுகிற அதே தாளத்தில் இருமினார்.

“கதவ... கதவத் திறங்க டாக்டர்!”

ஓர்லா கதவில் சாய்ந்தபடியே கேட்டார்: “எதுக்கு? கதகதப்பா இருக்குல்ல?”

அன்று மதியமே மாலக்கி சுத்தியலோடு ஏறினார். ஒவ்வோர் அட்டையாகப் பிடுங்கினார். கண்கள் சிவந்திருந்தன. புகை என்றார், நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம். ரூவா சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, பிறகு ஒரு வாய் தீவனம் எடுத்தது. அதைச் சொல்ல அவர் வேலி தாண்டி ஓடிவந்தார்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த வாரம் போனேன். காற்று ஜிலுஜிலுவென்று ஓடுகிறது, மாடுகள் நிம்மதியாக அசைபோடுகின்றன, ரூவாவின் முதுகில் அட்ராக்டாவின் பூப்போட்ட போர்வை! பாதியை ரூவா தின்றிருந்தது.

“என்னய்யா இது?”

“எனக்குக் குளிருதே!” என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். மார்கழி பிறந்ததும் ஜன்னலையெல்லாம் சாத்தி, விசிறியை அணைத்து, கொசுவர்த்தியும் ஏற்றிவைத்து, பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா மாட்டி, கழுத்துவரை போர்த்திவிட்டவர் உங்கள் வீட்டில் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுந்துபோய் ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டு வாருங்கள். உள்ளே பிள்ளை இருமுகிறது.